கீழ்க்கோட்டுக்கு ஒரு நகம் கீழே

என் தங்கை தேவயானி எப்படிச் செத்தாள் என்று ஜமுனாமரத்தூரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ஆலங்காயத்துப் பணக்காரப் பையன் ஒருவன் தன் ஸ்போர்ட்ஸ் காரில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பாதி மலையில் சாகவிட்டான் என்பார்கள். அவளைப் பாம்பு கடித்தது என்பதே இப்போது பேச்சில் பின்னுக்குப் போய்விட்டது. பாம்பைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஊருக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டும். அது மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரனாக இருந்தால் நாக்குக்கு இன்னும் வசதி.

"அந்தப் புள்ள இல்ல, நான்தான்" என்று ஒருத்தன் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுடைய புருஷன் ஜீவானந்தம். வண்டி மெக்கானிக். பகலெல்லாம் கடப்பாரையும் சம்மட்டியுமாகத் தன் ஷெட்டின் தரையைப் பெயர்த்துக்கொண்டிருக்கிற ஒருவன் இப்படிச் சொன்னால் யார் காது கொடுப்பார்கள்? பெண்டாட்டி போனதில் மூளை கலங்கிவிட்டது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. என் பெயர் கோவிந்தன். ஜமுனாமரத்தூருக்கும் ஆலங்காயத்துக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறேன். அவனுக்கு மச்சான், செத்தவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஆகையால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கோபப்படவும் உண்டு.

முதலில் அந்த ஷெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில் சமதரை என்று இருந்த கொஞ்சநஞ்சத்தையும் ஆபீஸ்களும் பஸ் ஸ்டாண்டும் சந்தையும் எடுத்துக்கொண்டன. ஜீவானந்தத்துக்குக் கிடைத்தது ரோட்டோரத்துச் சரிவு ஒன்று. நாலு கம்பத்தை நட்டுத் தகரம் போட்டான். உள்ளே வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். பின்சக்கரத்துக்குக் கல் வைக்க மறந்தால் தானாகவே ரோட்டுக்கு இறங்கிவிடும். கீழே வைத்த ஸ்பேனர்கூட அங்கே வைத்த இடத்தில் இருக்காது.

எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நீளக் கம்பி உண்டு. கேஜ் என்போம். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எண்ணெய் மேல்கோட்டை ஒட்டி நிற்க வேண்டும் என்பது உலக வழக்கம். உலகம் சமதரையில் வண்டி நிறுத்துகிறது, அதற்கென்ன. எங்கள் ஜீப் மூக்கைத் தூக்கி நிற்கும்போது எண்ணெய் பின்பக்கம் ஓடிவிடும். கேஜ் இருப்பது முன்பக்கம், அதனால் குறைவாகக் காட்டும். தொழில் ஆரம்பித்த புதிதில் ஜீவானந்தம் கோட்டை நம்பி ஊற்றினான். எண்ணெய் மிஞ்சிப் போய்ச் சில வண்டிகள் சீல் பிய்ந்து புகை கக்கின. பட்டுத்தான் அவன் கற்றுக்கொண்டான். இந்த ஷெட்டில் கீழ்க்கோட்டுக்கு ஒரு நகம் கீழே நனைந்திருந்தால் எண்ணெய் சரி, அதற்கு மேல் ஒரு சொட்டும் ஆகாது. மலை டிரைவர்கள் எங்கள் எல்லோருக்கும் அதுதான் வேதவாக்கு.

"நான் ஆயில் ஊத்துன வண்டி மலையில நிக்காது" என்பான். கர்வம் பிடித்தவன்தான். ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. என் ஜீப் உட்பட அவன் கைபட்ட வண்டி எதுவும் நடுமலையில் படுத்ததாக எனக்கு நினைவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். டப்பாவில் மீந்த எண்ணெயை அவன் எடுத்துக்கொள்ள மாட்டான். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி மூடி, அலமாரியில் வைத்து, அடுத்த முறை வண்டிக்காரன் வரும்போது கையில் கொடுத்துவிடுவான். "ஊரு ஆயிலுக்கெல்லாம் நம்ம ஷெட்டுதான் லாக்கரு" என்று தேவயானி கேலி செய்வாள். சாமைக்காட்டு வேலையை முடித்துவிட்டு அவனுக்குச் சோறு கொண்டுவருவாள். வந்தால் சும்மா இருக்க மாட்டாள். நிற்கிற வண்டியையெல்லாம் ஒரு சுற்று சுற்றி ஏதாவது குறை சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இளவழகன் ஆலங்காயத்து மரக்கடைக்காரர் மகன். படிப்பு முடித்துவிட்டு அப்பா கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெங்களூரில் யாரோ ஓட்டித் தள்ளிய பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். மஞ்சள் நிறம். தரையோடு தரையாக இருக்கும். எஞ்சின் முன்னால் கிடையாது, சீட்டுக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வளைவுகளில் அதைச் சீறவிட்டுக்கொண்டு மேலே வருவான். ஆடு மாடெல்லாம் மிரளும். ஜீவானந்தமே ஒருநாள் நடுரோட்டில் நிறுத்தித் திட்டினான். பையன் எதிர்த்துப் பேசாமல் இறங்கி நின்று, "சாரிண்ணா, இனிமே ஊருக்குள்ள மெதுவா வர்றேன்" என்றான். சொன்னபடியே வந்தான். அதில் இவனுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

பிறகு ஒருநாள் பையனே ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்தான்.

"அண்ணா, ஆயில் மாத்தணும், பில்டரும் மாத்தணும். பெங்களூர்ல வுட்டா மாசக்கணக்குல வெச்சிக்கறாங்க. நீங்க பாருங்க."

"எஞ்சின் எங்கப்பா கீது?"

"பின்னாடிண்ணா."

"வால்ல மூளைய வெச்சிக்கினு கீது" என்றாள் சோற்றுக் கூடையோடு வந்த தேவயானி. பையன் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்து, "உக்காந்து பாருங்கக்கா" என்றான். அவள் உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். ஆமாம், அதில் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும். "அய்ய, தரையில குந்துன மாதிரி கீது. ரெண்டே பேருக்குத்தான் எடமா? புருஷன் பொஞ்சாதி போனா புள்ளைங்கள எங்க போடுவாங்க?" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு அந்த ஷெட்டில் நல்ல கூட்டம்.

எந்த எண்ணெய் ஊற்றுவது என்று பெரிய பஞ்சாயத்தே நடந்தது. லாரி ஓட்டுகிற மணிவேல், "தண்ணி மாதிரி ஆயில் ஊத்தினா மலை ஏறுமா? லாரி ஆயிலு ஊத்து, களி மாதிரி கெட்டியா நிக்கும்" என்றான்.

"பனியில எழுந்த உடனே களி தின்னுட்டு நீ ஓடுவியா?" என்று ஜீவானந்தம் கேட்டான். "எஞ்சினும் அப்டித்தான். காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்ணா ஆயில் உடனே மேல ஏறணும். சூடானா கெட்டியா நிக்கணும். டப்பாவுல ரெண்டு நம்பர் போட்டிருப்பான். முன்னாடி கீறது குளிருக்கு, பின்னாடி கீறது சூட்டுக்கு."

பையனின் சிநேகிதர்கள் பந்தயத்துக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயைத்தான் வாங்கச் சொல்லியிருந்தார்கள். பத்து–அறுபது. ஜீவானந்தம் வண்டியின் புத்தகத்தைப் பையனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டான். "பந்தயத்துல ஓடறவனுக்கு அது. நீ சந்தை வரைக்கும் வந்து டீ குடிச்சிட்டுப் போறவன். அஞ்சு–நாப்பது போதும், ஃபுல் சிந்தெடிக் வாங்கிக்கினு வா" என்று முடித்தான்.

பில்டரில்தான் இன்னும் பிடிவாதம். பழைய பில்டரைக் கழற்றி, ரம்பத்தால் அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை உருவி வெயிலில் விரித்தான். இரும்புத் தூள் மின்னுகிறதா என்று பார்த்தான். மின்னவில்லை, எஞ்சின் நல்ல நிலையில்தான் இருந்தது. பையன் வாணியம்பாடியில் ஒரு பில்டர் வாங்கி வந்திருந்தான். அச்சாகப் பொருந்தியது. ஜீவானந்தம் அதன் ஓட்டையில் வாய் வைத்து ஊதினான், உறிஞ்சினான். காற்று இரண்டு பக்கமும் போயிற்று. "இது ஆகாது" என்று வைத்துவிட்டான்.

"மரை ஏறுதேடா, அப்புறம் இன்னா?" என்றான் மணிவேல்.

"மரை எதுக்கு வேணா ஏறும். வண்டி நிக்கும்போது ஆயில் மேலேர்ந்து எறங்காம புடிச்சி வெக்கணும். அதுக்கு உள்ள ஒரு ரப்பர் வால்வு கீது. இதுல அது செத்துக் கீது."

சரியான பில்டர் பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் வரும்வரை வண்டியை வெளியே விடவில்லை. பையனும் பொறுத்துக்கொண்டான். இதையெல்லாம் நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜீவானந்தம் எண்ணெயைச் சரியாகத் தேர்ந்தெடுத்தான். பில்டரையும் சரியாகத் தேர்ந்தெடுத்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை, அவனும் எதையும் ஏனோதானோ என்று செய்யவில்லை.

புத்தகத்தில் போட்டிருந்த அளவு எண்ணெயை ஊற்றினான். கொஞ்சம் பொறுத்துக் கேஜை உருவிப் பார்த்தவன் முகம் மாறியது. எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டிக் கம்பியில் ஏறி நின்றது. கீழ்க்கோட்டைத் தொட்டாலே மிச்சம் என்று கணக்கு வைத்திருக்கிற ஷெட் அது. "அடேயப்பா, எஞ்சின் வாந்தி எடுக்கும்" என்று சொல்லி, வண்டிக்கு அடியில் படுத்து, நட்டைத் தளர்த்திப் புது எண்ணெயைத் திரும்ப இறக்க ஆரம்பித்தான்.

"அண்ணா, புக்குல இவ்ளோன்னுதானே போட்டிருக்கான்?" என்றான் பையன் தயங்கி.

"புக்கு எழுதினவன் ஜவ்வாது மலையில வண்டிய நிறுத்தி எழுதினானா?"

ஷெட்டே சிரித்தது. பையனும் சிரித்தான். கேஜில் கீழ்க்கோட்டுக்கு ஒரு நகம் கீழே வரும்வரை இறக்கினான். பெரிய பாட்டிலில் முக்கால்வாசி வந்தது, தேன் நிறத்தில். மூடியைத் திருகி அலமாரியில் வைத்து, "அடுத்த வாரம் வரும்போது வாங்கிக்கினு போ, மறந்துடாத" என்றான். தேவயானி, "இன்னொண்ணு லாக்கருக்கு வந்துச்சு" என்றாள்.

அடுத்த ஞாயிறு பங்குனி வெயில். புளி உலுக்குகிற காலம் என்பதால் பெண்கள் எல்லோரும் மரத்தடியில்தான் இருந்தார்கள். இளவழகன் மேலே வந்து ஷெட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினான். நான் அங்கேதான் இருந்தேன். "அண்ணா, ஏறும்போது ஒரு வளைவுல ஆயில் லைட்டு லேசா மின்னுச்சு. அப்புறம் அணைஞ்சிடுச்சு" என்றான். "டீ குடிச்சிட்டு வா, பாக்கறேன்" என்றான் ஜீவானந்தம். டீ வருவதற்குள் பக்கத்துக் காட்டுக் குப்பம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். புளி பொறுக்கச் சருகைத் தள்ளிய தேவயானியின் கையில் நல்ல பாம்பு போட்டுவிட்டது.

சுகாதார நிலையத்தில் உடனே ஊசி போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்கு இமை இறங்கிக்கொண்டே வந்தது. "மூச்சு நின்னுட்டா மெஷின் வெக்கணும், இங்க இல்ல. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார் டாக்டர். ஆம்புலன்ஸ் அப்போதுதான் ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு இறங்கியிருந்தது.

"என் ஜீப்புல படுக்க வெச்சிக்கலாம், நீ மடியில புடிச்சிக்க" என்றேன். ஜீவானந்தம் என் ஜீப்பைப் பார்த்தான். எங்கள் பின்னாலேயே வந்து நின்ற மஞ்சள் காரைப் பார்த்தான்.

"அதுல போனா பாதி நேரந்தான் மச்சான்."

பையன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, அந்த லைட்டு..." என்றான்.

"அது லைட்டு கோளாறு. ஆயில் நான் ஊத்தினது. நிக்காது. நீ போ."

அவளைத் தூக்கி அந்தச் சீட்டில் இறக்கி, பெல்ட்டை அவனே மாட்டினான். அவளுக்கு நாக்கு தடித்துப்போயிருந்தது. "நீயும் வா" என்றாள். அது மட்டும் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. எங்கே வருவது? ரெண்டே பேருக்குத்தான் இடம். "பின்னாடியே வர்றேன் புள்ள, நீ கண்ணத் தொறந்துக்கினே இரு" என்று கதவைச் சாத்தினான். கார் கிளம்பிய சத்தம் எங்களுக்கு அன்று இனிமையாக இருந்தது. அவ்வளவு வேகம்.

அந்த வேகத்தை நம்பித்தான் நாங்கள் உடனே கிளம்பவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்ற தைரியம். வீட்டுக்குப் போய் மாற்றுப் புடவை எடுத்தோம். மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தேடினோம். அது அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. படவேட்டில் வாழ்க்கைப்பட்ட அவர்கள் மகள் அருணாவுக்குப் போன் போட்டுச் சொன்னோம். ஷெட்டைப் பூட்டினோம். இதையெல்லாம் செய்த கைகளை இப்போது வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

மலையில் பாதி இறங்கியதும் ஒரு வளைவில் அந்தக் கார் குறுக்கே நின்றது. பின்பக்கம் புகை. உள்ளே யாரும் இல்லை. கதவு திறந்து கிடந்தது. ஜீவானந்தம் கத்தினானா, நான் கத்தினேனா தெரியாது. இன்னும் கொஞ்சம் கீழே போனதும் பார்த்தோம். இளவழகன் என் தங்கையை முதுகில் போட்டுக்கொண்டு ரோட்டில் நடந்துகொண்டிருந்தான். ஒரு காலில் ஷூ இல்லை. அவள் தலை அவன் தோளில் தொங்கியது. எங்களைப் பார்த்ததும், "எஞ்சின் ஜாமாயிடுச்சுண்ணா, சிக்னல் இல்ல, ஒரு வண்டியும் வரலண்ணா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சட்டை முழுக்க அவள் எச்சில்.

அவளை ஜீப்பில் கிடத்தினோம். நான் ஓட்டிய ஓட்டத்துக்கு அன்று வண்டி கவிழ்ந்திருக்க வேண்டும். என் எஞ்சின் அணுவும் பிசகவில்லை. அதுவும் அவன் ஊற்றிய எண்ணெய்தான். மலை முடிந்து, ஆலங்காயம் கண்ணில் படும் நேரம், பின்னாலிருந்து ஜீவானந்தம், "மச்சான், மெதுவாவே போ" என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. காலை எடுத்துவிட்டேன்.

காரியத்தன்று இளவழகன் வந்தான். பக்கத்தில் வரத் தைரியம் இல்லாமல் புளியமரத்தோரம் நின்றான். அருணா ஓடிப்போய் மண்ணை வாரி அவன் மூஞ்சியில் அடித்தாள். "எங்கம்மாவ வெச்சு ரேஸ் ஓட்டுனியாடா?" என்றாள். அவன் துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, இனி அவனோ அவன் காரோ மலை ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஊருக்கு மனசு ஆறியது. அதற்குப் பிறகு அவன் எந்த வண்டியையும் தொடுவதில்லை என்றும், அறையை விட்டே வருவதில்லை என்றும் ஆலங்காயத்தில் சொன்னார்கள்.

ஜீவானந்தம் அதுவரை ஊர் சொன்னதையே நம்பியிருந்தான். எல்லாம் முடிந்து ஷெட்டைத் திறந்த அன்றுதான் அலமாரியில் அந்தப் பாட்டிலைப் பார்த்தான். பையனிடம் கொடுக்க மறந்த பாட்டில். ஒரு தூசி தும்பு இல்லாத புது எண்ணெய். இவ்வளவும் அந்த எஞ்சினுக்குள் இருந்திருக்க வேண்டியது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பெரியவர்களிடம் ஓடினான். "துக்கத்துல பேசறான், வூட்டுக்குக் கூட்டினு போங்க" என்றார்கள். அருணாவிடம் சொன்னான். "அவனுக்கு வக்காலத்து வாங்காதப்பா" என்று அவள் எழுந்து போய்விட்டாள். ஆலங்காயத்துக்கு பஸ் ஏறிப் போய் அந்தப் பையனிடமே சொன்னான். பையன் காலில் விழுந்து, "ஆறுதலுக்குச் சொல்றீங்கண்ணா. லைட்டு எரியறதப் பாத்துக்கினேதான் மிதிச்சேன், நான்தான் கொன்னேன்" என்று அழுதான். திரும்பி வந்தவன் கடப்பாரையை எடுத்தான். சரிவை வெட்டிச் சமதரை ஆக்கப் போகிறேன் என்றான். அடியில் முழுப் பாறை. ஒரு நாளைக்கு ஒரு கூடைக் கல் வந்தால் அதிகம். உள்ளங்கை பிய்ந்து துணி சுற்றியிருந்தான். சோறும் ஒழுங்காக இறங்கவில்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருநாள் போய்க் கடப்பாரையைப் பிடுங்கினேன். "போதும்டா. செத்தவ செத்துட்டா. பாறைய ஒடைச்சா வந்துடுவாளா?"

அவன் சண்டைக்கு வரவில்லை. "உன் ஜீப்ப உள்ள ஏத்து மச்சான்" என்றான்.

ஏற்றினேன். ஓரமாக இன்னும் வெட்டாத சரிவு கொஞ்சம் இருந்தது. மூக்கைத் தூக்கி நின்றது வண்டி. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். கேஜை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். கீழ்க்கோட்டுக்கு ஒரு நகம் கீழே.

"இப்ப திருப்பி நிறுத்து. மூக்கு ரோட்டப் பாத்து இருக்கணும்."

திருப்பினேன். மறுபடி காத்திருந்தோம். மறுபடி கேஜ். ஒரு சொட்டு கூட்டவில்லை, ஒரு சொட்டு குறைக்கவில்லை, அதே எண்ணெய். மேல்கோட்டையும் தாண்டி நனைந்திருந்தது. இத்தனை வருஷம் இந்த ஷெட்டுக்கு வந்து போகிறேன், ஒருநாளும் யாரும் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்ததில்லை.

"அந்த வண்டிக்கு எஞ்சின் பின்னாடி. கேஜு அதோட வால் கோடியில" என்றான். "மேட்டப் பாத்து நிறுத்தினா நம்ம வண்டி கொறைச்சிக் காட்டும், அது கூட்டிக் காட்டும். புக்குல போட்டிருந்தது சரி. நான் சரியாத்தான் ஊத்தினேன் மச்சான். ஊத்திட்டு நானே எறக்கிட்டேன். எறக்கத்துல, வளைவுல, இருந்த கொஞ்ச ஆயிலும் ஓரத்துக்கு ஓடியிருக்கும். எஞ்சின் வெறும் காத்தக் குடிச்சிருக்கும்."

பாட்டிலைக் கொண்டுவந்து பானெட்மேல் வைத்தான்.

"அல்லாரும் இல்ல இல்லன்றாங்க. நீ அவளுக்குக் கூடப்பொறந்தவன். வண்டியும் தெரியும் உனக்கு. நீ சொல்லு."

விதி என்று சொல்ல வாய் வந்தது. அதே நேரத்தில் கீழே கிடந்த சம்மட்டியை எடுத்து அவன் மண்டையில் போடவும் கை வந்தது. இரண்டும் உண்மை, மறைக்க மாட்டேன். அந்தப் பாட்டிலைப் பார்த்தேன். மண் அப்பிய முகத்தோடு புளியமரத்தோரம் நின்ற பையனை நினைத்தேன். என் தங்கையை முதுகில் சுமந்து நடந்தவன் அவன் ஒருத்தன்தான்.

"ஆமாண்டா" என்றேன். "நீதான்."

ஜீவானந்தம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தான். சாவு விழுந்த நாளிலிருந்து அவன் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதான். நான் தொடவில்லை, தேற்றவில்லை. எனக்கும் தேற்றுவார் வேண்டியிருந்தது. நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வூட்ல சோறு கீதா மச்சான்?" என்று கேட்டான். என் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். தட்டில் போட்டதையெல்லாம் தின்றான்.

கை கழுவிவிட்டு, "அந்தப் புள்ளகிட்ட நீ வந்து சொல்லணும். அவ அண்ணன் சொன்னா நம்புவான். அப்பால படவேட்டுக்குப் போயி அருணாகிட்டயும் சொல்லணும்" என்றான்.

"அருணா உன் மூஞ்சில முழிக்க மாட்டா."

"தெரியும்."

அன்று மத்தியானமே கிளம்பினோம். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மலை இறங்க ஆரம்பித்ததும் பாட்டிலுக்குள் எண்ணெய் முன்பக்கம் ஓடி ஏறியது. வளைவு வந்தால் ஒரு ஓரமாக ஒதுங்கியது, அடுத்த வளைவில் மறு ஓரத்துக்குப் போயிற்று. கார் நின்ற வளைவைக் கடந்தபோதும் அவன் வெளியே பார்க்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டு வந்தான். மலை முடிந்து ஆலங்காயத்து ரோட்டில் ஏறிய பிறகுதான் எண்ணெய் மட்டமாக நின்றது.